கண்ணு இன்னும் நிக்கல: வட ஆற்காட்டு மூளைக்காய்ச்சல் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் பக்கம் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றிவிட்டால் வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டிகிரி?" என்று இருக்காது. "கண்ணு சொருகுதா?" என்றுதான் கேட்பார்கள். கறுவிழி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிவதற்குச் சொருகுதல் என்று பெயர். சொருகுது என்று பதில் வந்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். ஒருவர் வண்டி பிடிக்க ஓடுவார், இன்னொருவர் மந்திரிக்க ஆள் கூப்பிட ஓடுவார்.

1987-ஆம் வருஷக் கடைசி, எனக்கு ஒன்பது வயது. மேல்விஷாரத்தில் டிரங்க் ரோட்டிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்குகிற ஒரு தெருவில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் நெல் வயல், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தோல் ஷாப்புகள். எதிர்வீட்டுப் பையனுக்கு ஆறு வயசு இருக்கும். அவன் அப்பா ஷாப்பில் தோலுக்கு உப்பு போடுகிற வேலையில் இருந்தார். பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல், தலைவலி, வாந்தி. நான்காம் நாள் சாயங்காலம் வலிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள், கை கால் வெட்டுவது நின்றது. "நல்லா தூங்கட்டும், காலைல பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பாட்டி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "கை கால்தான்டா நின்னிருக்கு. கண்ணு இன்னும் நிக்கல." பையனின் இமை பாதி திறந்திருக்கிறது, இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக இழுத்து இழுத்து வெட்டிக்கொண்டே இருக்கின்றன என்றாள். பிறகு தெருவைக் கடந்து போய் அவன் அப்பாவிடமும் சொன்னாள். "இவன் தூங்கல பாய், இப்பவே வேலூருக்குத் தூக்கிட்டுப் போங்க." அவர் பாவம், என்ன செய்வார்? "டாக்டரே தூங்கட்டும்னு சொல்லிட்டாரும்மா" என்றார். கார் விடிந்த பிறகுதான் கிளம்பியது. வேலூர் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

ஒன்றரை மாதம் கழித்துப் பையன் திரும்பி வந்தான். உயிர் பிழைத்தான். ஆனால் பழைய பையன் வரவில்லை. நடை இறுகியிருந்தது, பேச்சு மெதுவாகிவிட்டது. முகத்தில் அசைவு குறைவு. கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பான், எங்களுக்கெல்லாம் பயமாக இருக்கும்.

நான் பி.இ. படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாகக் கோடு எழுதிக்கொண்டிருப்பவன். டாக்டர் இல்லை. அவனுக்கு வந்தது இன்ன நோய்தான் என்று இத்தனை வருஷம் கழித்துத் தீர்ப்பு எழுத எனக்குத் தகுதியும் கிடையாது, கையில் ஒரு காகிதமும் கிடையாது. ஆனால் பாட்டி பார்த்தது என்ன என்ற கேள்வி மட்டும் விடவில்லை. இரண்டு வருஷமாக ராத்திரிகளில் பழைய மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்ததில் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள்.

முதலில் கண்ணின் வயரிங். ஒரு கண்ணை அசைக்க ஆறு தசைகள், இரண்டுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு. அவற்றை மூன்று ஜோடி நரம்புகள் இயக்குகின்றன: மூளை நரம்புகளில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது. முதல் இரண்டும் நடுமூளையிலிருந்து கிளம்புகின்றன. ஆறாவது அதற்குக் கீழே, பான்ஸ் என்கிற பகுதியிலிருந்து. இதற்கெல்லாம் மேலே, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்புறணியிலிருந்து "இந்தப் பக்கம் பார்" என்ற உத்தரவு வருகிறது. நடுவில் தலாமஸ், அடிமூளை முடிச்சுகள், சிறுமூளை என்று எல்லாருக்கும் இதில் ஒரு கை உண்டு. ஆக, விழி அசைவு என்பது மூளையின் மேல்மாடியிலிருந்து அடித்தளம் வரை போகிற ஒரே கம்பி. கம்பியின் முனை முகத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது. எங்கள் தொழிலில் சர்வரைத் திறந்து பார்க்க முடியாதபோது லாகைப் பார்ப்போம். அந்த மாதிரி.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் குழப்பமாக இருந்தது. மூளையின் ஒரு பாதியில் வலிப்புக்கான மின்சாரம் கிளம்பினால் கண்கள் அந்தப் பக்கத்தை விட்டு விலகி எதிர்ப்பக்கம் ஓடும். அதே இடம் செயலிழந்துவிட்டால், கண்கள் அந்தப் பக்கத்தையே பார்த்து நிற்கும். எரிகிற பக்கத்திலிருந்து ஓடுகிற கண், அணைந்துபோன பக்கத்தைத் திரும்பிப் பார்க்கிறது. ஒரே நோயாளியிடம் ஒரே ராத்திரியில் இரண்டையும் பார்க்க முடியுமாம்.

ஆறாவது நரம்பு தனிக்கதை. மண்டையோட்டின் அடித்தளத்தில் நீண்ட தூரம் போகிற நரம்பு அது. மண்டைக்குள் அழுத்தம் ஏறினாலே, பாதிப்பு வேறெங்கோ இருந்தாலும், அது நசுங்கிக் கண் மூக்குப் பக்கம் ஒதுங்கிவிடும். காசநோய் மூளை உறையைத் தாக்கும்போது வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலடித்த குழந்தைக்குத் திடீரென்று மாறுகண் வருவது இப்படித்தான். 1904-இலேயே ஜேம்ஸ் காலியர் என்ற லண்டன் நரம்பியல் மருத்துவர், இடத்தைத் தப்பாகக் காட்டும் இந்த மாதிரி அறிகுறிகளைப் பற்றி எழுதிவிட்டார்.

இன்னொன்று, பொம்மைக் கண் பரிசோதனை. நினைவில்லாத நோயாளியின் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்புவார்கள். மூளைத்தண்டு வேலை செய்தால் தலை வலப்பக்கம் போகும்போது கண்கள் இடப்பக்கம் நகர்ந்து, பார்வை முன்பிருந்த இடத்திலேயே நிற்கும். தலையோடு சேர்ந்து கண்ணும் அப்படியே திரும்பினால் நிலைமை மோசம். தஞ்சாவூர்ப் பொம்மைக்குக் கண்ணை வரைந்திருக்கிறார்கள், அது தலையோடுதான் போகும். ஆகவே பொம்மைக் கண் என்றால் கெட்ட அறிகுறி என்றுதான் நினைத்தேன். மேல்நாட்டில் கண் உருளுகிற பொம்மைகளை வைத்துப் பெயரிட்டதால் அங்கே பொம்மைக் கண் இருப்பது நல்ல அறிகுறி. யார் வைத்த பெயரோ, படிக்கிறவனைச் சுற்றவிடுகிறது.

கண்ணைப் பார்த்தே மூளைக்குள் வரைபடம் போட்டவர் ஒருவர் உண்டு. வியன்னாவில் கான்ஸ்டான்டின் வான் எகனாமோ. 1917-இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, விநோதமான தூக்க நோயாளிகளைப் பற்றி எழுதினார். எழுப்பினால் எழுவார்கள், பதில் சொல்வார்கள், உடனே மறுபடி தூங்கிவிடுவார்கள். பலருக்கு இமை தொங்கியது, விழிகள் அசைய மறுத்தன. விழி நரம்புகள் கிளம்புகிற நடுமூளையை ஒட்டித்தான் தூக்கத்தையும் விழிப்பையும் ஆளுகிற இடமும் இருக்க வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டார். இறந்தவர்களின் மூளைகளைப் பிரித்துப் பார்த்தபோது அழற்சி அங்கேதான் இருந்தது. பிழைத்தவர்கள் சிலருக்குப் பின்னால் இன்னொரு தொந்தரவு வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கண்ணும் மேலே ஏறி, நிமிஷக்கணக்கில், சிலருக்கு மணிக்கணக்கில் அப்படியே பூட்டிக்கொள்ளும். நம்ம ஊர்ப் பாட்டிகள் பார்த்திருந்தால் சொருகிடுச்சு என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1920களின் கடைசியில் அந்த நோய், வந்த மாதிரியே ஒதுங்கியும் போனது.

வியன்னாவை ஏன் இழுக்கிறேன் என்றால், அங்கிருந்து வேலூருக்கு ஒரு எழுத்து வருகிறது. 1924-இல் ஜப்பானில் 6,000 பேருக்கு மேல் மூளை அழற்சி வந்து, பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் வருகிற இந்த நோயையும் எகனாமோவின் நோயையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எகனாமோவுடையது 'ஏ', ஜப்பானியருடையது 'பி' என்று வைத்தார்கள். 1930களில் ஜப்பானில் வைரஸையே பிரித்தெடுத்தார்கள். அப்போதிலிருந்து அது 'ஜப்பானிய பி மூளை அழற்சி'. 'ஏ' காணாமல் போனதும் 'பி'-க்கு வேலையில்லாமல் போய், பெயரிலிருந்து மெல்ல உதிர்ந்தது.

அந்த 'பி' எழுத்தோடு இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக நோயாளிகளிடம் அடையாளம் காணப்பட்டது எங்கள் மாவட்டத்தில்தான் என்பதை நாற்பது வயசு தாண்டித்தான் தெரிந்துகொண்டேன். 1955, சென்னை மாகாணம், வட ஆற்காடு. மேல்விஷாரம் அப்போது அந்த மாவட்டத்தில் இருந்தது (அப்புறம் வேலூர், 2019-லிருந்து ராணிப்பேட்டை; வீடு நகரவில்லை, முகவரிதான் நகர்ந்துகொண்டே இருக்கிறது). வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகள் மருத்துவராக இருந்த ஜான் வெப், காய்ச்சலும் வலிப்புமாக வந்து நினைவிழக்கும் குழந்தைகளைப் பார்த்து, இது பூச்சிக்கடியால் பரவும் வைரஸாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அவரும் பெரேராவும் 1956-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே வட ஆற்காடு மாவட்டத்தின் பெயர் இருக்கிறது. ரத்த மாதிரிகள் பூனாவுக்குப் போயின. அங்கே 1952-இல் தொடங்கியிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் டெல்ஃபோர்ட் வொர்க், ரத்தத்திலிருந்த எதிர்ப்பொருளை வைத்து ஜப்பானிய வைரஸ்தான் என்று உறுதிப்படுத்தினார். 1955-க்கும் 1966-க்கும் இடையில் தென்னிந்தியாவில் பதிவானவர்கள் சுமார் 65 பேர் என்று பிற்காலக் கட்டுரைகள் சொல்கின்றன. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கே ஒருவர் சந்தேகப்பட்டு, ரத்தம் பூனா வரை போனவர்களின் கணக்கு அது. ஊரிலேயே "ஜன்னி கண்டுடுச்சு" என்று முடிந்துபோனவர்கள் அதில் இல்லை.

அந்தக் காலத்து டாக்டர் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949-இலேயே நாட்டின் முதல் நரம்பு அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கியிருந்தார், அந்த வகையில் எங்கள் பக்கம் கொடுத்துவைத்தது. ஆனால் உலகத்தில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்ததே 1971-இல்தான். அதற்கு முன்னால் முதுகுத்தண்டு நீர், ரத்தம், சுத்தியல், டார்ச் லைட். பிறகு கண்.

நோய் எப்படி வருகிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கொக்கு, மடையான் மாதிரி நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் வைரஸ் பெருகுகிறது. நெல் வயல் தண்ணீரில் வளர்கிற கியூலெக்ஸ் கொசுக்கள் அதை எடுத்து வருகின்றன. அதில் ஒரு இனத்துக்கு 'விஷ்ணுயி' என்று பெயர், பெருமாளுக்கு வந்த சோதனை. வட ஆற்காட்டுக் கொசுக்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதிய ரேச்சல் ரூபன், பின்னால் மதுரையில் 1985-இல் தொடங்கிய பூச்சியியல் ஆராய்ச்சி மையத்துக்குத் தலைமை ஏற்றார். எங்கள் தெருவில் பன்றி வளர்த்தவர் யாரும் கிடையாது. ஆனால் கொசு சில கிலோமீட்டர் பறக்கும், கொக்கு அதைவிட நிறைய. வைரஸ் உடம்பில் ஏறுகிறவர்களில் சுமார் 250 பேருக்கு ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒருவரின் கதைதான் மோசம். மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் 30 சதவீதம் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு குறை நிரந்தரமாக நிற்கிறது.

வைரஸுக்குப் பிடித்த இடங்கள் தலாமஸ், அடிமூளை முடிச்சுகள், நடுமூளையில் இருக்கிற கருநிறப் பகுதி, மூளைத்தண்டு. அந்தக் கருநிறப் பகுதி பழுதானால் பார்க்கின்சன் நோய் மாதிரியே வரும். அசைவில்லாத முகம், நடுக்கம், இறுகிய கைகால், கொட்டாமல் விரிந்த கண். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பற்றிய விவரணைகளில் இந்த முகம் திரும்பத் திரும்ப வருகிறது. முதல்முறை அதைப் படித்தபோது லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பாட்டி பார்த்ததற்கு நேரான பதில் கிடைத்தது வியட்நாமிலிருந்து. 1990களில் டாம் சாலமன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் வியட்நாமிய டாக்டர்களும் ஹோ சி மின் நகரத்தில் இந்த நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். 2002-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையில் 144 நோயாளிகள். அவர்களில் 40 பேருக்கு வலிப்பு வந்தது. 25 பேருக்கு வலிப்பு நிற்காமல் தொடர்கிற நிலை, அதில் 15 பேருக்கு அது வெளியே சரியாகத் தெரியவே இல்லை. கை கால் வெட்டாது. விரல் ஒன்று துடிக்கும், புருவமோ உதட்டோரமோ இழுக்கும், இல்லையென்றால் கண் மட்டும் ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவருக்குக் குழந்தை மயங்கித் தூங்குகிறது. இ.இ.ஜி. ஒயரை ஒட்டினால் உள்ளே புயல் ஓய்ந்திருக்காது. இப்படி வலிப்பு தொடர்ந்தவர்கள், மற்ற வலிப்புக்காரர்களைவிட அதிகமாக இறந்தார்கள்.

கை கால் நின்றுவிட்டது, கண் நிற்கவில்லை. இதற்கு இ.இ.ஜி. தேவைப்படவில்லை என் பாட்டிக்கு. எட்டுப் பிள்ளை பெற்று மூன்றைப் பறிகொடுத்தவள், காய்ச்சல்காரக் குழந்தைகளின் பக்கத்தில் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு ராத்திரியே வேலூர் போயிருந்தால் அவன் முழுசாகத் திரும்பியிருப்பானா என்று கேட்டால், சொல்ல முடியாது. இந்த வைரஸைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் வலிப்பை அடக்கவும், அழுத்தத்தைக் குறைக்கவும், மூச்சைக் காப்பாற்றவும் அன்றே வழி இருந்தது. ஏழெட்டு மணி நேரம் அவன் மூளை எரிந்துகொண்டிருக்கும்போது தெருவே "தூங்கட்டும்" என்று குரலைத் தாழ்த்திப் பேசியது. நானும்தான். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு ராத்திரி வந்தால், வலிப்பு நின்ற குழந்தையின் இமையைத் தூக்கிப் பாருங்கள். கண் ஒரு பக்கமாக ஒதுங்கியோ வெட்டியோ இருந்து, கூப்பிட்டால் குழந்தை விழிக்கவில்லை என்றால் விடியலுக்குக் காத்திருக்காதீர்கள்.

தேடிக்கொண்டே போனதில் இன்னொரு சமாச்சாரம். 1958-இல் வேலூரில் ஒரு நோயாளியின் மூளையிலிருந்து இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு 'பி 20778' என்று எண். உலகத்து ஆய்வகங்களில் இந்திய வைரஸ் என்றால் பல வருஷங்கள் எடுத்தாண்டது இதைத்தான். அதன் மரபணு வரிசை பொதுத் தரவுதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பெயரில் 'வேலூர்' என்றே இருக்கிறது. இறக்கிப் பார்த்தேன். நான்கே எழுத்துகள், சுமார் 11,000 தடவை. பைலின் அளவு 11 கேபி. என் ஆபீஸில் ஒரு பட்டனுக்கு வைக்கிற படம் இதைவிடப் பெரிது. அந்த மூளை யாருடையது, எந்த ஊர், என்ன வயசு என்பது பைலில் இல்லை. இருக்கவும் கூடாது, அது சரிதான். ஆனாலும் ஸ்க்ரோல் செய்து கடைசி வரை பார்த்தேன்.

தடுப்பூசிக் கதை நீளமானது, இன்னொரு நாள் எழுதுகிறேன். 2005-இல் உத்தரப் பிரதேசத்தில், கோரக்பூர் பக்கம், 5,700-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்து 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான் 2006-இல் சீனத் தடுப்பூசி இங்கே பெரிய அளவில் வந்தது. 2013-இல் வந்த இந்தியத் தடுப்பூசி, 1980களின் தொடக்கத்தில் கோலாரில் ஒரு நோயாளியிடம் எடுத்த வைரஸை வைத்துச் செய்தது. கோலார் எங்களுக்கு மலை ஏறினால் பக்கத்து ஊர்.

இப்போது காய்ச்சலோடு கண் ஆடுகிறவர்களைப் பார்க்கும் டாக்டர்கள் இன்னொன்றையும் தேடுகிறார்கள், உண்ணிக்காய்ச்சல். விழி எல்லாத் திசையிலும் இடைவெளியே இல்லாமல் துள்ளுகிற ஒரு நிலை உண்டு. 1913-இல் ஓர்செஹோவ்ஸ்கி என்ற போலந்து மருத்துவர் விவரித்தது, பேச்சுவழக்கில் நடனக் கண் என்கிறார்கள். உண்ணிக்காய்ச்சலில் அது வருவதைத் தென்னிந்திய டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இது பாக்டீரியா, மருந்து உண்டு. அக்குளிலோ தொடையிடுக்கிலோ பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் பாதி நோய் கண்டுபிடித்த மாதிரிதான். கடுமையான உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் நிறுவிய ஆய்வை முன்னின்று நடத்தியதும் வேலூர் சி.எம்.சி.தான். 1955-இல் சந்தேகப்பட்ட அதே ஆஸ்பத்திரி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எதிர்வீட்டுக்கும் போனேன். அவனுக்கு இப்போது நாற்பத்து நான்கு. அண்ணனின் மளிகைக் கடையில் கல்லா பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கவர் எடுத்துக் கொடுக்கிறான். என்னை அடையாளம் தெரிந்தது. கண் கொட்டாமல் பார்த்து, நேரம் எடுத்து, என் பெயரைச் சரியாகச் சொன்னான். அவன் அம்மாவிடம், அது எந்த மாசம் என்று ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். மாசம் நினைவில்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையால் பின்பக்கம் காட்டினார், இப்போது அங்கே மூன்று வரிசை மாடி வீடுகள். "தோ, இங்கதான்ப்பா நெல்லு இருந்துச்சு. கதிர் வாங்கி நின்ன சமயம். சாயங்காலம் ஆனா கொசுத் தொல்லை தாங்காது, கதவைச் சாத்திடுவோம். இவன்தான் வரப்புல விளையாடிட்டு லேட்டா வருவான்."